கோயிலுக்குப் போற நாள்

வாங்கோ பிள்ளையள், இருங்கோ. வெள்ளைக் கோட்டு எல்லாருக்கும் வடிவாத்தான் இருக்குது. நான் முதன்முதல் போட்டபோது எனக்கும் வடிவாத்தான் இருந்தது. அதைப் போட்டவுடனை தலைக்குள்ளை ஒரு கெட்டிக்காரன் வந்து குந்திக்கொள்ளுவான். அவனை எழுப்பி வெளியாலை அனுப்ப எனக்குக் கனவருசம் பிடிச்சுது. உங்களுக்கு அது கொஞ்சம் கெதியா நடக்கட்டும் எண்டுதான் இண்டைக்கு வந்தனான்.

உங்கடை பொறுப்பாளர் என்னைக் கூப்பிடேக்கை, "சேர், பாமசியிலை நீங்கள் கண்ட வெற்றியளைச் சொல்லுங்கோ, பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" எண்டார். வெற்றியளைச் சொல்ல எனக்கு ரண்டு நிமிசம் காணும். மிச்ச நேரம் எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு முகத்தை முகம் பாக்க வேண்டியதுதான். அதாலை, நான் ஒரு மனிசனைக் கொல்லப் பாத்த கதையைச் சொல்லுறன். அதுவும் அன்பாலை.

முதலிலை என்ரை தோலைப்பற்றிச் சொல்லோணும். எனக்குச் சொரியாசிஸ். சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட நான் வேலை செய்த பாமசியிலை உது ஒருத்தருக்கும் தெரியாது. சித்திரை வெய்யிலிலையும் மணிக்கட்டுவரை தெறி பூட்டின முழுக்கைச் சேட்டோடைதான் நிப்பன். "என்ன ஒழுங்கான மனிசன்" எண்டு சனம் சொல்லும். மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்ச வேதக்காரக் குடும்பம் எல்லே, ஒழுக்கம் சேட்டுக் கையிலையும் தெரியுது எண்டு நினைச்சிச்சினம். உள்ளுக்கை முழங்கையிலையும் முதுகிலையும் செதில் செதிலா உரிஞ்சு கொட்டினது எனக்கும் என்ரை மனிசிக்கும் வீட்டு விளக்குமாத்துக்கும் மட்டுந்தான் தெரியும்.

சொந்தக்காரருக்கும் தெரியும். அதுதான் நோயிலும் பெரிய நோய். ஒருத்தர் கத்தரிக்காயை விடச் சொன்னார், கிரந்தியாம், தோலைக் கிளப்பிவிடுமாம். இன்னொருத்தர் நண்டு, இறால், கணவாய் எல்லாம் கிரந்தி எண்டார். தக்காளி கிரந்தி, அன்னமுன்னாப் பழமும் கிரந்தி. எல்லாற்றை சொல்லையும் கேட்டிருந்தால் கடைசியிலை சோறும் உப்புந்தான் மிஞ்சியிருக்கும். உப்பையும் ஒரு பெரியம்மா விடச் சொன்னா. ஒரு மச்சான் விடியக்காலமை தொண்டைமானாத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உப்புத் தண்ணியிலை முக்கி எடுத்தான். வெடிச்ச தோலிலை உப்புத் தண்ணி பட்டால் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சேர்ச்சிலை ஒரு அக்கா எனக்காக மூண்டு நாள் உபவாசம் இருந்தா. அவ மெலிஞ்சா. எனக்கு ஒண்டும் மாறேல்லை.

சரி, அதெல்லாம் மருந்து படிக்காத சனத்தின்ரை வேலை. மருந்து படிச்சவன் என்ன செய்தவன் எண்டு கேளுங்கோ.

தட்டிலை இருந்ததிலை ஆகக் கடுமையான ஸ்டீரொயிட் களிம்பை எடுத்தன், பூசினன். சில நாளிலை தோல் அப்பிடியே குழந்தைப்பிள்ளையின்ரை தோல் மாதிரி வந்துது. அட, டொக்டர்மார் என்னத்துக்கு எண்டு நினைச்சன். பூசுறதை விட்டன், ரண்டு மடங்கா வந்துது. திரும்பப் பூசினன். பேந்து களிம்பு காணாமல், அதே வகை மருந்தைக் குளிசையா விழுங்கத் தொடங்கினன். டொக்டர் எழுதின துண்டில்லாமல் ஒரு குளிசையும் குடுக்காத ஆள் எண்டு ஊரெல்லாம் பேர்பெற்ற மருந்தாளர் நான். ஒரே ஒரு வாடிக்கையாளருக்குத்தான் துண்டில்லாமல் குடுத்தன். அவர் கண்ணாடிக்குள்ளை நிண்டார்.

ஒருநாள் மனிசி, "என்னப்பா, உங்கடை முகம் ஊதிப்போய்க் கிடக்கு" எண்டா. ரோசத்திலை அண்டைக்கே குளிசையை ஒரேயடியா நிப்பாட்டினன். நிப்பாட்டி ஒரு கிழமையாகேல்லை, உச்சந்தலை தொடக்கம் உள்ளங்கால்வரை சிவந்து, உரிஞ்சு, குளிர் நடுக்கத்தோடை ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்தன்.

தோல் டொக்டர் ஒரு அம்மா. மெல்லிய குரல், நாக்கு மட்டும் கத்தி.

"உந்தக் குளிசையை ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான் அம்மா."

"ஆர் எடுத்துக் குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

"நிப்பாட்டச் சொன்னது?"

நான் போர்வையை இழுத்து நாடிவரை மூடினன்.

"நல்லகாலம் உயிரோடை வந்திட்டியள். இல்லாட்டி மரணப் பத்திரத்தையும் நீங்களே எழுதியிருப்பியள்" எண்டா.

அவதான் பேந்து முறையா வைத்தியம் செய்தா. இரத்தம் சோதிச்சு, ஈரல் பாத்து, மெதோட்ரெக்சேட் குளிசை எழுதினா. கிழமைக்கு ஒருநாள் மட்டும். "உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்டாலும் உங்களை எனக்குத் தெரியும், அதாலை சொல்லுறன். கிழமைக்கு ஒருக்காப் போட்டால் இது மருந்து. ஒவ்வொரு நாளும் போட்டால் நஞ்சு. இரத்தம் ஊறுறதையே நிப்பாட்டிப்போடும்" எண்டா. முழுக்க மாறாது, அடங்கிக் கிடக்கும், அதோடை சமாதானமா இருக்கப் பழகுங்கோ எண்டும் சொன்னா. நான் ஞாயிற்றுக்கிழமையைத் தெரிஞ்செடுத்தன். சேர்ச்சாலை வந்து, சாப்பிட்டு, குளிசையைப் போடுவன். ஒருக்காலும் மறக்கேல்லை. ஆறேழு மாதத்திலை காலும் நெஞ்சும் துப்புரவா வந்துது. முழங்கையிலையும் முதுகிலையும் கொஞ்சம் மிஞ்சிச்சுது. சேட்டுக் கை மட்டும் ஒரு அங்குலமும் மேலை ஏறேல்லை. தோலுக்கு மருந்து இருக்குது, வெக்கத்துக்கு இல்லை.

இந்த நிலைமையிலைதான் தவம் வந்தான்.

தவராசா எண்டு பேர். சந்தைக்கு வெங்காயம் கொண்டுவாற தோட்டக்காரன், நாப்பது நாப்பத்தைஞ்சு வயது. சந்தைக் கூட்டம் கலையும்வரைக்கும் வாசலிலை நிண்டு, ஒருத்தரும் இல்லையெண்டு பாத்துப்போட்டு உள்ளுக்கை வந்தான். "அண்ணை, சொறிகடிக்கு ஒரு களிம்பு தாங்கோ." சேட்டை ஒருக்காத் தூக்கிக் காட்டினான். நெஞ்சு, வயிறு, முதுகு எல்லாம் படை படையா. எனக்குப் பாக்கத் தேவையில்லை, அவன் சேட்டை இழுத்து மூடின அந்தரத்திலேயே எனக்கு விளங்கீற்றுது.

களிம்பு குடுக்கேல்லை. அந்தளவு புத்தி வந்திருந்தது. அந்த அம்மாவின்ரை கிளினிக்குக்கு அனுப்பினன். ஆனா "எனக்கும் இதுதான் தம்பி" எண்ட மூண்டு சொல்லு என்ரை வாயிலை வரேல்லை. அவன் பன்னிரண்டு வருசமா இந்தப் படையோடை இருக்கிறானாம். அதிலை அவனுக்குப் பெரிய கவலை கடியும் இல்லை, நித்திரை கெடுறதும் இல்லை.

"ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குள்ளை காலெடுத்து வைச்சுப் பன்னிரண்டு வருசம் அண்ணை. ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்கை போகோணும். நான் வெள்ளிக்கு வெள்ளி வெளிவீதியிலை நிண்டு கும்பிட்டிட்டு வாறனான். திருவிழாவுக்கு அதுவும் போறேல்லை. எல்லாரும் 'ஏனடா வெளியிலை நிக்கிறாய்' எண்டு கேப்பினம்."

அம்மா அவனுக்கும் அதே குளிசையை எழுதினா. துண்டோடை என்னட்டை வந்தான். கிழமைக்கு ஒருக்கா எண்டு கவரிலை எழுதினன். அதோடை வாயை மூடியிருந்தால் இண்டைக்கு உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு கதையும் இருந்திராது. ஆனா அந்தக் கெட்டிக்காரன் உள்ளுக்கை குந்தியிருக்கிறான் எல்லே?

"எந்த நாள் போடுறது அண்ணை?" எண்டு தவம் கேட்டான்.

"நீ கோயிலுக்குப் போற நாள் போடு. மறக்கமாட்டாய்" எண்டன்.

பாத்தியளே என்ரை திறமையை! கவரிலை எழுதுறதை ஆர் வாசிக்கினம், மனிசற்றை வாழ்க்கையோடை சேத்துச் சொன்னால்தான் மனசிலை நிக்கும் எண்டு எனக்கு நானே முதுகிலை தட்டிக்கொண்டன். எனக்குக் கோயில் நாள் எண்டால் கிழமைக்கு ஒண்டு, ஞாயிறு. அவனுக்கு வெள்ளி. வேதக்காரன் புத்தி அதுக்கு மேலை போகேல்லை.

மூண்டு மாதம் எல்லாம் திறமாப் போச்சுது. வெள்ளிக்கு வெள்ளி போட்டான். மாதா மாதம் இரத்தம் குடுத்தான். படை எல்லாம் மங்கி, நாலாம் மாதம் வரேக்கை நெஞ்சு துப்புரவு. கடைக்குள்ளை ஆக்கள் நிக்க நிக்கச் சேட்டைத் தூக்கிக் காட்டினான். "அண்ணை, பாருங்கோ!" எண்டு. அவனுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைப் பாத்து எனக்குக் கண் கலங்கிச்சுது. அந்தக் கலக்கத்திலை அடுத்த மடைத்தனத்தைச் செய்தன். அம்மா ஒரு மாதத்துக்குத்தான் எழுதினவ. "வெங்காயம் கிண்டுற காலம் அண்ணை, அலையேலாது" எண்டான். மூண்டு மாதத்துக் குளிசையை ஒண்டாக் குடுத்துவிட்டன். எங்கடை தொழிலிலை இரக்கப்படுறதுக்கும் ஒரு அளவு இருக்குது பிள்ளையள். அந்த அளவு துண்டிலை எழுதியிருக்கும்.

அடுத்த கிழமை அவன்ரை ஊர்ப் பிள்ளையார் கோயிலிலை கொடியேறிச்சுது.

பத்து நாள் திருவிழா. பன்னிரண்டு வருசம் வெளியிலை நிண்ட மனிசன் எத்தினை நாள் போவான்? பத்து நாளும் போவான். எனக்கு அது நினைவிலை வந்ததோ? வரேல்லை. ஒலிபெருக்கிச் சத்தம் சந்தைவரைக்கும் கேட்டது. நான் அதைக் கேட்டுக்கொண்டு குளிசை எண்ணிக்கொண்டு நிண்டன்.

ஒன்பதாம் நாள், தேர். காலமை கடை நிறையச் சனம். தவத்தின்ரை மனிசி சனத்தை விலத்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, வாய்ப்புண்ணுக்குப் பூச ஒண்டு கெதியாத் தாங்கோ. நான் திரும்பக் கோயிலுக்குப் போகோணும்."

"ஆருக்கு?"

"இவருக்குத்தான். வாயெல்லாம் வெந்துபோச்சு, தண்ணியும் இறங்குதில்லை. விரதச் சூடு எண்டு சொல்லுறார்."

நான் அலுமாரியைத் திறந்து வாய்ப்புண் மருந்தைக் கையிலை எடுத்திட்டன். பின்னாலை பத்துப் பேர் "அண்ணை, அண்ணை" எண்டு துண்டை நீட்டினம். கவரிலை போட்டுக் குடுத்திருந்தால் அவள் போயிருப்பாள். பிள்ளையள், உந்த இடத்தை நல்லா நினைவிலை வைச்சிருங்கோ. கேட்ட மருந்து கையிலை, வேண்டுற ஆள் அவசரத்திலை, பின்னாலை வரிசை. எங்கடை தொழிலிலை மனிசர் சாகிறது இந்த இடத்திலைதான்.

எனக்கு ஏதோ இடறிச்சுது. "காய்ச்சல் இருக்கோ?" எண்டு கேட்டன்.

"ஓம் அண்ணை, உடம்பு கொதிக்குது."

"தோல் குளிசை எப்ப போட்டவர்?"

"இண்டைக்கும் போட்டவர். ஒருநாளும் விடேல்லை அண்ணை. நீங்கள் சொன்னமாதிரி, கோயிலுக்கு வெளிக்கிட முதல் ஒழுங்காப் போட்டிட்டுத்தான் போறவர்."

அவள் அதைப் பெருமையோடை சொன்னாள். எடுத்த மருந்தைத் திரும்ப அலுமாரிக்குள்ளை வைச்சன். ஒன்பது கிழமைக்குரிய மருந்தை ஒன்பது நாளிலை விழுங்கியிருக்கிறான். கர்த்தரே, நான்தான் சொன்னனான்.

"உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும், ஆள் எங்கை?"

"கோயிலுக்குள்ளை. வரமாட்டார் அண்ணை. காலமை நானும் கெஞ்சிப் பாத்தனான். செத்தாலும் சாமி தேருக்கு வந்தாப்பிறகுதான் வருவன் எண்டு நிக்கிறார்."

கடையை என்னோடை வேலைக்கு நிண்ட பிள்ளையிட்டைக் குடுத்திட்டு, தவத்தின்ரை மனிசியையும் ஏத்திக்கொண்டு ஓட்டோவிலை போனன். போற வழியிலையும் அந்தக் கெட்டிக்காரன் என்னோடை கதைச்சுக்கொண்டுதான் வந்தான். "கவரிலை வடிவாத்தானே எழுதினனீ. வாசிக்காதது அவன்ரை பிழை. ஆரையும் உள்ளுக்கை அனுப்பு, நீ வெளியிலை நில்லு" எண்டான். அவன் உங்களோடையும் ஒருநாள் கதைப்பான்.

கோயில் வாசலிலை தொண்டர் ஒருத்தர் என்னை மறிச்சார். என்னட்டைப் பிறஷர் குளிசை எடுக்கிற மனிசன். "அட, நீங்களோ! வாங்கோ வாங்கோ. சேட்டையும் சப்பாத்தையும் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போங்கோ" எண்டார்.

சப்பாத்தைக் கழட்டினன். சேட்டுத் தெறியிலை கை வைச்சிட்டு நிண்டன்.

உள்ளுக்கை நிண்டவை பாதிப்பேர் என்ரை வாடிக்கையாளர்கள். களிம்பு வேண்ட வந்த எத்தினை பேருக்கு நான் "உதெல்லாம் தொற்றாது, வெக்கப்படாதேங்கோ" எண்டு வியாக்கியானம் சொல்லியிருப்பன்! முழுக்கைச் சேட்டுக்குள்ளை நிண்டுகொண்டு சொல்ல நல்ல லேசு. பத்து விநாடி நிண்டிருப்பன். அந்தப் பத்து விநாடியை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு. உள்ளுக்கை ஒருத்தன்ரை உயிர் போகுது, நான் தெறி எண்ணிக்கொண்டு நிக்கிறன்.

சேட்டைக் கழட்டித் தொண்டரிட்டைக் குடுத்தன். தொண்டர் என்ரை முழங்கையைப் பாத்தார், முதுகைப் பாத்தார், பேந்து சேட்டைத் தன்ரை தோளிலை போட்டுக்கொண்டு வழி விட்டார். நான் சனத்தை இடிச்சுக்கொண்டு போனன்.

தவம் ஒரு தூணோடை சாய்ஞ்சு நிண்டான். வேட்டி, நெஞ்சு நிறையத் திருநீறு, மாசுமறு இல்லாத தோல். வாய்ச் சொண்டு மட்டும் வெடிச்சு இரத்தம் கசியுது. கண் சொருகுது. கையைப் பிடிச்சன், நெருப்பு.

"தவம், வா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். குளிசை வெள்ளி மட்டுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"சாமி வெளிக்கிடட்டும் அண்ணை" எண்டான். வாய் திறக்கேலாமல் திறந்து. "பன்னிரண்டு வருசம்..."

அப்பத்தான் என்னைப் பாத்தான். முழங்கையிலை இருந்து தோள்வரைக்கும் கண் போச்சுது.

"அண்ணை... உங்களுக்குமோ?"

"ஓம்."

"சொல்லவேயில்லை."

"இப்ப சொல்லுறன். நீ செத்தால் நான் பேந்து ஆருக்குச் சொல்லுறது? வா."

அவன் பிள்ளையாற்றை பக்கம் ஒருக்காத் திரும்பிக் கும்பிட்டிட்டு என்ரை தோளிலை கையைப் போட்டான். அந்தப் படை உரிஞ்ச தோளிலை. பன்னிரண்டு வருசம் தன்ரை தோலை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு ஒதுங்கி நிண்டவன்.

ஆஸ்பத்திரியிலை ஒரு இளம் டொக்டர், "உதை ஒவ்வொரு நாளும் போடச் சொல்லி ஆர் சொன்னது?" எண்டு கத்தினார். தவம் படுத்த படுக்கையிலை, "நான்தான் விளங்காமல்..." எண்டு தொடங்கினான். அந்த வாயோடை எனக்காகப் பொய் சொல்லப் பாத்தான். எனக்கு அழுகை வந்திட்டுது.

"இல்லை டொக்டர். கோயிலுக்குப் போற நாள் போடு எண்டு நான் சொன்னனான். திருவிழா தொடங்கி ஒன்பது நாள். ஒன்பது தரம் போட்டிருக்கிறார். நான் மருந்தாளர்" எண்டன். எத்தினை குளிசை, எந்த நாள் தொடக்கம் எண்டு எல்லாம் ஒழுங்காச் சொன்னன். அந்தக் கணக்கு அவையளுக்கு உடனை தேவைப்பட்டது. அந்த நஞ்சுக்கு மாத்து மருந்தை அந்த நிமிசமே ஏத்தத் தொடங்கிச்சினம். நான் என்ரை மானத்தைக் காப்பாத்த ஒரு மணித்தியாலம் மழுப்பியிருந்தால், அந்த ஒரு மணித்தியாலம் அவன்ரை உயிரிலை இருந்துதான் கழிஞ்சிருக்கும்.

தோல் டொக்டர் அம்மா பின்னேரம் வந்தா. என்னை மேலையும் கீழையும் பாத்தா.

"இந்தமுறை மற்ற ஆக்களின்ரை வைத்தியத்தையும் நீங்களே பொறுப்பெடுத்திட்டியள் போலை."

"ஓம் அம்மா."

"முதுகை வெளிச்சத்துக்குக் காட்ட இவ்வளவு பாடோ?"

அப்பத்தான் குனிஞ்சு பாத்தன். சேட்டு இல்லை. கோயில் வாசலிலை குடுத்தது அங்கையே போச்சுது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ளை காலமை தொடக்கம் களுசானோடை வெறும் மேலா நிண்டிருக்கிறன். நூறு பேர் பாத்திருப்பினம். ஒருத்தரும் மயங்கி விழேல்லை. வானமும் இடிஞ்சு விழேல்லை.

முதல் நாலு நாளும் இரத்தக் கணக்கு இறங்கிக்கொண்டே போச்சுது. பிழைப்பான் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நான் வேலைக்குப் போகேல்லை. வாட்டு வாசலிலை கிடந்த மர வாங்கிலை குந்தி இருந்தன். தவத்தின்ரை மனிசி என்னைத் திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும். அவள் எனக்கும் சேத்துச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒவ்வொரு நாளும் அதை அவளுக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டன். அஞ்சாம் நாள் கணக்கு மெல்ல ஏறத் தொடங்கிச்சுது. பேந்தும் கனநாள் வைச்சிருந்துதான் விட்டவை.

இனி உங்களுக்குச் சொல்லவேண்டியது. கெட்டித்தனமாச் சொல்லாதேங்கோ, நேராச் சொல்லுங்கோ. "வெள்ளிக்கிழமை" எண்டு ஒரு சொல்லு இருக்குது, அதுக்குப் பதிலா வேறை ஒண்டும் தேடாதேங்கோ. சொன்னதும் விடாதேங்கோ, "நீங்கள் எப்பிடிப் போடப் போறியள், எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. நான் அதைக் கேட்டிருந்தால், "கோயிலுக்குப் போற நாளெல்லாம் அண்ணை" எண்டு அவன் அண்டைக்கே சொல்லியிருப்பான். பிழை விட்டால் முதலாவது ஆளா நீங்களே வாயைத் திறவுங்கோ. உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தால் டொக்டரிட்டைப் போங்கோ, அலுமாரியிட்டைப் போகாதேங்கோ.

தவம் சுகமாகி வந்தாப்பிறகு ஒருநாள் பின்னேரம் மனிசியோடை கடைக்கு வந்தான். அம்மா அவனுக்கு மருந்தை மாத்தியிருந்தா. படை திரும்ப அங்கையிங்கை எட்டிப் பாக்கத் தொடங்கியிருந்தது. நான் வாய் திறக்க முதலே, "மன்னிப்புக் கேக்க வெளிக்கிடாதேங்கோ அண்ணை, ஒன்பது நாள் உள்ளுக்கை நிண்டனான்" எண்டான். "விசரன் மாதிரிக் கதையாதை" எண்டு ஏசினன். அவன் சிரிச்சான்.

மனிசி ஒரு பையை மேசையிலை வைச்சாள். உள்ளுக்கை என்ரை சேட்டு. தோய்ச்சு, அயன் பண்ணி மடிச்சுக் கிடந்தது. விரிச்சுப் பாத்தன். கை ரண்டையும் முழங்கைக்கு மேலை வெட்டி, மடிச்சு, வடிவாத் தைச்சிருந்தாள்.

"கோயில் சனத்துக்குள்ளை கை கிழிஞ்சுபோச்சு அண்ணை. அதுதான் அரைக்கையாக்கிப்போட்டன்" எண்டாள்.

ரண்டு கையும் ஒரே அளவாக் கிழிஞ்சதோ எண்டு நான் கேக்கேல்லை. உள்ளுக்கை போய் அதை மாத்திக்கொண்டு வந்துதான் அடுத்த ஆளுக்கு மருந்து குடுத்தன்.

வந்து இருந்த நேரம் தொடக்கம் நீங்கள் ஒவ்வொருத்தரும் கள்ளமா என்ரை முழங்கையைப் பாக்கிறியள், எனக்குத் தெரியும். வடிவாப் பாருங்கோ பிள்ளையள். உதுதான் அந்தச் சேட்டு.